வழித்துணை

தமிழன் எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் உச்சியில் ஒரு துணையை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவான். ஊருக்குப் போடும் கடிதமாயினும், கடைக் கணக்குப் புத்தகமாயினும், கல்யாணப் பத்திரிகையாயினும், மேலே 'முருகன் துணை' என்றோ, 'மீனாட்சியம்மன் துணை' என்றோ, 'இயேசு துணை' என்றோ ஒரு வரி இருக்கும். கடிதம் எழுதும் பழக்கம் நம் தலைமுறையில் அருகிவிட்டது. ஆயினும் அந்த வழக்கத்தின் வேர் அறுந்துவிடவில்லை. தேர்வு மண்டபத்தில் விடைத்தாள் கைக்கு வந்ததும், ஓரத்திலே சின்னஞ்சிறு சிலுவைக் குறியோ பிள்ளையார் சுழியோ இடாத கைகள் நம்மில் எத்தனை இருக்கும்?

"திக்கற்றவருக்குத் தெய்வமே துணை" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவ்வளவு தாராளமாக நாம் வழங்கும் இந்தத் துணை என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? கிறிஸ்தவனாகிய நான் 'கர்த்தர் என் துணை' என்று சொல்லும்போது எதை எதிர்பார்க்கலாம்? எதை எதிர்பார்க்கலாகாது? ஊரையும் உறவையும் விட்டுத் திருவனந்தபுரத்தில் வந்து படிக்கும் நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இரவு 11 மணிக்கு மேல், விடுதி அறையில் விளக்கை அணைத்தபின் எழும் கேள்வி இது.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கிராமங்களில் இருட்டிய பின் ஒரு பெண் அடுத்த தெருவுக்குப் போகவேண்டுமானால், வீட்டிலுள்ள ஆறு வயதுப் பையனைப் பார்த்து, "தம்பி, துணைக்கு வாடா" என்று கூப்பிடுவாள். அந்தப் பையனால் என்ன ஆகும்? திருடன் வந்தால் அவன் தடுக்கப் போவதில்லை. நாய் குரைத்தால் அவனே அவள் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொள்வான். அவன் வருவதால் வழி குறையவும் இல்லை, இருட்டு விலகவும் இல்லை. ஆயினும் அவன் உடன் நடந்தால் அவளுக்குத் தைரியம் பிறந்துவிடுகிறது. துணை என்பதன் முதற் பொருளை இந்தப் பையனிடம் கற்றுக்கொள்ளலாம். உதவி வேறு, துணை வேறு. உதவி செய்கிறவன் செய்துவிட்டுத் தன் வழியே போகலாம். துணைக்கு வந்தவன் கூடவே நடந்தாக வேண்டும்.

கடவுளைக் குறித்து நாம் அடையும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை, அவருடைய துணையை உதவி என்று மட்டும் எண்ணிக்கொள்வதால் வருகின்றன என்பது என் கருத்து. மதிப்பெண் வேண்டும், வேலை வேண்டும், வீட்டுக் கடன் தீரவேண்டும் என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை, பிள்ளை தகப்பனிடம் கேளாமல் யாரிடம் கேட்கும்? ஆனால் கேட்டது கிடைக்காத அன்று, 'அவர் என்னை விட்டுவிட்டார்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். கேட்டது கிடைத்த அன்றோ, அவரை நாமே விட்டுவிடுகிறோம். இரண்டு வகையிலும் துணை அறுந்துபோகிறது.

நம் சங்கத்தில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புகிறவர்கள் உண்டு. மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலிருந்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகும் கனவுடன் வந்தவர்கள் உண்டு. தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தவர் உண்டு. சாலையிலும் கரமனையிலும் பல தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. மலையாளம் நமக்குப் புரிகிறது. மலையாளிகள் நம்மை அன்புடன் நடத்துகிறார்கள். நன்றியுடன் இதைச் சொல்ல வேண்டும். ஆயினும் சிரிப்பை எந்த மொழியிலும் சிரித்துவிடலாம். துக்கம் தாய்மொழியில்தான் வருகிறது. கைப்பேசியில் முந்நூறு பேருடைய எண்கள் இருக்கின்றன. ஒரு தாளில் தோற்றுப்போன செய்தியைச் சொல்ல அவற்றுள் ஓர் எண்ணும் அகப்படாத இரவுகளும் இருக்கின்றன.

இந்த ஊரில் இப்படித் தனித்து நின்ற தமிழர்களில் நாம் முதல்வர் அல்லர். பாளையத்தில் இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்று வழங்கும் நிறுவனம், மகாராஜா கல்லூரி என்ற பெயரோடு விளங்கிய காலத்தில், அங்கே ஒரு தமிழாசிரியர் இருந்தார். ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை என்பது அவர் பெயர். மனோன்மணீயம் தந்த பெ. சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த அதே கல்லூரிதான். கிருஷ்ண பிள்ளை 1827இல் திருநெல்வேலிச் சீமையில், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்த பின் கிறிஸ்தவ நூல்களோடு பழக்கம் ஏற்பட்டது. நீண்ட மனப் போராட்டத்துக்குப் பின் 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார்.

அந்தக் காலத்தில் ஒருவர் மதம் மாறுவது என்றால், ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குக் குடிபோவது போன்றதன்று. பந்தி போகும், சொந்தம் போகும், நல்லது கெட்டதுக்கு அழைக்கும் குரல் போகும். துணை என்று உலகம் சொல்வதில் பெரும்பகுதியை இழந்துவிட்டுத்தான் அவர் கர்த்தரைத் துணையாகக் கொண்டார். அப்படிப்பட்டவர் வாழ்நாள் உழைப்பாகத் தமிழுக்குத் தந்த பெருநூல் எது? ஒரு வழிப்பயணத்தின் கதை! 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில், ஓர் ஆத்துமா அழிவின் நகரத்தை விட்டு மோட்ச நகரத்துக்கு நடந்து போவதைச் சொல்கிறது. அதன் மூலக்கதை ஆங்கிலேயரான ஜான் பனியனுடையது. நம் பாட்டன்மார் 'மோட்சப் பிரயாணம்' என்று வாசித்தது அந்தக் கதையைத்தான். பனியன், பாத்திரங்களின் ஓட்டை அடைத்துப் பிழைத்த ஏழை. அரசின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்பதற்காக 1660 முதல் 12 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அவருடைய கதை 1678இல் அச்சேறியது.

அந்தக் கதையிலே துணை எவ்வாறு வருகிறது என்று கவனியுங்கள். யாத்திரிகன் மரண நிழலின் பள்ளத்தாக்கில் தனியே நடக்கிறான். இருபுறமும் பள்ளம், எங்கும் இருட்டு. வானத்திலிருந்து ஒளி இறங்கி வந்து வழி காட்டவில்லை. தனக்கு முன்னே எங்கோ யாரோ ஒருவன் 23ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டு போகும் குரல் கேட்கிறது. அவ்வளவுதான். 'கடவுளுக்கு அஞ்சும் இன்னொருவனும் இதே பள்ளத்தாக்கில் நடக்கிறான். அவனோடு கடவுள் இருந்தால் என்னோடும் இருப்பார்' என்று அவன் தேறிக்கொள்கிறான். முன்னே போனவனுக்குத் தன் குரல் பின்னால் வருகிறவனைத் தேற்றியது தெரியாது. பின்னர் அந்த மனிதன் அவனுக்குத் தோழனாகிறான். அந்தத் தோழன் ஒரு பட்டணத்தில் கொல்லப்படுகிறான். உடனே நம்பிக்கை என்ற பெயருடைய மற்றொரு தோழன் வந்து சேர்கிறான். கடைசியில் ஆற்றைக் கடக்கும்போது யாத்திரிகன் மூழ்கத் தொடங்க, அந்த நம்பிக்கைதான் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கிறான்.

பரலோகத்தை நோக்கிய அந்தப் பயணம் முழுவதிலும் கடவுள் பெரும்பாலும் மனிதர் வாயிலாகவே துணை வருகிறார். தெய்வத் துணை, மனிதத் துணை என்று இரண்டைப் பிரித்து, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சங்கீதத்தைப் பற்றியும் ஒரு சொல். ஞாயிறு பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். பாதிக் கிறிஸ்தவ வீடுகளின் சுவரில் தொங்குவதுதான். புல்லுள்ள இடத்தையும் அமர்ந்த தண்ணீரையும் சொல்லும்போது அதைப் பாடியவன் கடவுளை 'அவர்' என்கிறான். இருண்ட பள்ளத்தாக்கு வந்ததும் 'நீர்' என்கிறான். படர்க்கை முன்னிலையாக மாறிவிடுகிறது. நன்றாக இருக்கும்போது அவரைப் பற்றிப் பேசினோம். இருட்டிலே அவரோடு பேசத் தொடங்குகிறோம். இலக்கணம் படிக்கும் நமக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? துன்பம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. துன்பத்தின் நடுவே கடவுள் தூரத்து உறவினராக இராமல் பக்கத்தில் நடப்பவராக ஆகிறார் என்பதே அதன் கருத்து.

இந்த நெருக்கம் தமிழர்க்குப் புதியதும் அன்று. சுந்தரரைத் 'தம்பிரான் தோழர்' என்றே சைவ உலகம் அழைக்கிறது. தூது போகச் சொல்லும் உரிமையோடு இறைவனைத் தோழனாகக் கொண்டவர் அவர். கடவுளைத் தாயாகவும் தோழனாகவும் அழைத்துப் பழகிய மொழியிலே பிறந்ததால்தான், கிருஷ்ண பிள்ளை தம் காப்பியத்தின் இடையிடையே பாடிய பக்திப் பாடல்களுக்குத் தேவாரம் என்றே பெயர் வைக்க முடிந்தது. ஆகவே பிற சமயத்து நண்பர்கள் இக்கட்டுரையை அயல்வீட்டுப் பேச்சாக எண்ணித் தாண்டிவிட வேண்டாம்.

இனி, கடினமான கேள்விக்கு வருவோம். துணை என்று நம்பியவனைக் கொன்றே போட்டார்களே, அப்போது துணை எங்கே? இந்தக் கேள்விக்கு உரியவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்த டிலனாய் அவருக்கு நண்பரானார். இழப்பு மேல் இழப்பு வந்து மனம் சோர்ந்திருந்த நீலகண்டருக்கு, டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பர். 1745ஆம் ஆண்டு மே மாதம் வடக்கன்குளத்தில் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றார். அன்று அவருக்கு இட்ட பெயர் தேவசகாயம்.

லாசரஸ் என்ற விவிலியப் பெயரின் தமிழாக்கம் அது. தேவசகாயம் என்றால் என்ன? தெய்வத் துணை! நாம் தாளின் உச்சியில் எழுதும் அதே சொல்லை அவர் தம் பெயராகச் சுமந்தார். 1749இல் சிறைப்பட்டார். மூன்றாண்டு வதைபட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

புனிதர் பட்டம் வந்தது 270 ஆண்டுகளுக்குப் பின்னர். காற்றாடி மலையில் நின்ற மனிதனுக்கு அது தெரியாது. தம் பெயரே பொய்த்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். நம்பிக்கையை விட்டிருந்தால் உயிர் தப்பியிருக்கலாம். அவர் விடவில்லை. துணையை உதவிக் கணக்கில் எழுதியிருந்தால் அவருக்கு மிஞ்சியது நட்டம்தான். துணையைத் துணையாகவே கொண்டதால், மலையேறும் வரையிலும் அவர் தனியாள் ஆகவில்லை. 'ஜெபித்தால் துன்பம் வராது' என்று மேடையில் முழங்குகிறவர்கள், நாகர்கோவில் போகும் வழியில் ஒருமுறை காற்றாடி மலைக்குப் போய்வந்தால் நல்லது.

"இது பலவீனர்களின் ஆறுதல், துன்பத்தை எதிர்த்துப் போராடாமல் இருக்கச் சொல்லும் போதை" என்று நம் விவாத மேடைகளில் பகுத்தறிவு நண்பர்கள் கூறுவதுண்டு. அவர்கள் கேள்வி நேர்மையானது. சமயத்தைப் போதையாக விற்ற கடைகள் உலகில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் போதை ஏறியவன் வலியை உணர மாட்டான். தேவசகாயம் வலியை உணர்ந்தார். போதை, உள்ள நிலையோடு ஒத்துப்போகச் செய்யும். அவரோ அரசனுக்கும் தலைவணங்காமல் நின்றார். மனிதனை வளைக்கும் ஆறுதலும் உண்டு, நிமிர்த்தும் ஆறுதலும் உண்டு. எந்த ஆறுதலையும் அளக்க இதுவே தக்க அளவுகோல். கிறிஸ்தவனும் தன் ஆறுதலை இந்தக் கோலால் அளந்து பார்க்க அஞ்சக்கூடாது.

ஆயினும் நமக்கு வாய்த்திருப்பது காற்றாடி மலை அன்று. நமக்கு வாய்த்திருப்பது உணவுக்கூட வரிசையும், ஆய்வகக் குறிப்பேடும், பேருந்து நெரிசலும், மாதக் கடைசியில் காலியாகும் பையும்தான். இந்த அன்றாடத்தில் கடவுளோடு நடப்பது எப்படி? இதற்கு ஒரு சமையற்காரரிடம் பாடம் கேட்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் லாரன்ஸ் சகோதரர் என்பவர் இருந்தார். முன்னே போர்வீரராக இருந்து காயம்பட்டவர். குருப்பட்டம் பெறாதவர். மடத்துச் சமையலறையில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது! பிடிக்காத அந்த வேலையைச் செய்துகொண்டே, சட்டியும் கரண்டியும் மோதும் ஓசையின் நடுவே, கடவுளோடு உரையாடப் பழகிக்கொண்டார். ஆலயத்தில் முழங்காற்படியிடும் வேளையும் அடுப்படியில் நிற்கும் வேளையும் தமக்கு ஒன்றே என்று சொல்லும் நிலைக்கு வந்தார். 1691இல் அவர் இறந்த பின் அவருடைய கடிதங்களும் பேச்சுகளும் தொகுக்கப்பட்டு உலகமெங்கும் பரவின.

இதில் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. மடத்தில் சேர்ந்த முதற் பத்தாண்டுகள் அவர் உள்ளத்தில் பெரும் வேதனையோடுதான் இருந்தார். கடவுளின் துணை ஒரே கூட்டத்தில், ஒரே இரவில் பிடித்துவிடும் உணர்ச்சி அன்று. அது பழக்கம். மொழி பழகுவது போல, நீச்சல் பழகுவது போல, நாள்தோறும் சிறிது சிறிதாகப் படிவது. கண்ணீர் வந்தால்தான் ஜெபம், மெய் சிலிர்த்தால்தான் தரிசனம் என்று எண்ணுகிறவர்கள் விரைவில் சோர்ந்துபோகிறார்கள். உணர்ச்சி மழை போன்றது; வரும், போகும். பழக்கமோ கிணறு. வெயிற்காலத்துக்கு உதவுவது எது என்று நாஞ்சில் நாட்டு உழவனைக் கேட்டால் சொல்வான். காலையில் கண் விழித்ததும் கைப்பேசியைத் தொடுமுன் ஒரு சிறு ஜெபம், பேருந்தில் நிற்கும் 20 நிமிடத்தில் ஒரு சங்கீதத்தை நினைவுகூர்தல், இரவில் அன்று நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுதல்: இவை சிறியவைதான். ஆனால் துணை நடப்பது என்பதே சிறிய அடிகளால் ஆனது.

சிலர், "நானும் ஜெபிக்கிறேன், பக்கத்தில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லையே" என்பார்கள். அவர்களுக்கு எம்மாவூர் வழியை நினைவூட்டலாம். சிலுவையில் தம் குருவைப் பறிகொடுத்த இரு சீடர்கள், எருசலேமை விட்டு எம்மாவூருக்கு நடந்தார்கள். ஏறத்தாழ ஏழு மைல். பாளையத்திலிருந்து காரியவட்டம் போகும் தூரத்துக்குச் சற்றுக் குறைவு. இடையில் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். அவர்கள் துக்கத்தைக் கேட்டார். வேதத்தை விளக்கினார். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிந்தது. தெரிந்த கணமே அவர் மறைந்துபோனார். அப்படியானால், நடந்த வழியெல்லாம் அவர்கள் தனியே நடந்தார்களா? இல்லையே! துணை இருந்தது, அதை அறியும் கண்தான் பிறகு வந்தது. நம் வாழ்விலும் கடந்த ஆண்டின் கடினமான மாதத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, யாரோ கடன் கொடுத்தார், யாரோ குறிப்பேடு தந்தார், யாரோ காரணமில்லாமல் தொலைபேசியில் அழைத்தார் என்பது இன்றுதான் புலப்படுகிறது.

இப்படிச் சொன்னதும் நம் கடமை என்ன என்ற வினா எழுகிறது. கடவுள் மனிதர் வாயிலாகத் துணை வருகிறார் என்றால், அந்த மனிதர் யார்? இங்கேதான் மீண்டும் யோபுவை நினைக்க வேண்டும். பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல துணை. அதன்பின் வாய் திறந்தார்கள். 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்' என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். அன்றே அவர்கள் துணை முடிந்தது. கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டதும் விளக்கம் சொன்னவர்கள் மீதுதான்.

கிறிஸ்தவ மாணவர்களாகிய நாம் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். சாப்பிடாமல், உறங்காமல், வகுப்புக்கு வராமல் சுருண்டு கிடக்கும் நண்பனிடம், 'ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்' என்று சொல்லிவிட்டு நகர்வது விசுவாசம் ஆகாது. அவனைக் கைவிடுவதற்கு நாம் இட்டிருக்கும் அழகிய பெயர் அது. காலொடிந்தவனை மருத்துவரிடம் தூக்கிப்போகிறோம். மனம் ஒடிந்தவனையும் அப்படியே அழைத்துப்போக வேண்டும். கேரள அரசின் திசா உதவி எண் 1056. நாடு முழுவதற்குமான டெலி மானஸ் எண் 14416. இவ்வெண்களைக் குறித்து வைத்திருப்பது அவநம்பிக்கை ஆகாது. அழைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அதுவும் ஜெபம்தான்.

நாம் வாழும் இந்த ஊர் இதற்கு ஓர் அருமையான சொல்லை வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பதை மலையாளத்தில் கூட்டிருப்பு என்பார்கள். உள்ளூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு மாலை போய்ப் பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் கூட்டிருப்புக்காரர்களைக் காணலாம். அவர்கள் வைத்தியம் அறியாதவர்கள். கஞ்சி வாங்கி வருவார்கள், மருந்துச் சீட்டைக் கொண்டு ஓடுவார்கள், இரவில் முனகல் கேட்டால் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். நோயைத் தீர்ப்பது மருத்துவர். ஆனால் நோயாளி 'நான் தனியாக இல்லை' என்று அறிவது இவர்களால். இம்மானுவேல் என்ற பெயருக்குக் கடவுள் நம்மோடு என்று பொருள் சொல்வார்கள். இந்த ஊர்ப் பேச்சில் சொன்னால், கடவுள் நமக்குக் கூட்டிருக்கிறார்!

ஆகவே நம் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் புதிதாக வரும் தமிழ் மாணவர் எவரும் முதல் மாதத்தில் தனியே உட்கார்ந்து சாப்பிடாதபடி, மூத்தவர் ஒருவர் உடன் அமர ஏற்பாடு செய்யுங்கள். மாணவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், ஊரிலிருந்து வீட்டார் வந்து சேரும் வரை கூட்டிருக்க முறை வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று, வென்றவருக்கு வாழ்த்துச் சொல்லப் போகுமுன், தோற்றவர் அறைக்கதவைத் தட்டுங்கள். இவற்றுக்கு நிதி வேண்டாம், தீர்மானம் வேண்டாம், சாதி சமயம் பார்க்க வேண்டாம். கிறிஸ்தவன் இதைத் தன் ஆண்டவரின் பெயரால் செய்யட்டும். மற்றவர்கள் தத்தம் தெய்வத்தின் பெயராலோ மனிதத்தின் பெயராலோ செய்யட்டும். உட்காரும் பாய் ஒன்றுதான்.

நண்பர்களே! நமக்கு முன்னே நடந்தவர்களின் குரலைக் கேட்டு நாம் இருட்டிலே தேறியிருக்கிறோம். கிருஷ்ண பிள்ளையும் தேவசகாயமும் அப்படி முன்னே போனவர்கள். நமக்குப் பின்னாலும் அதே பள்ளத்தாக்கில் யாரோ ஒருவர் நடந்து வருகிறார். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. நம் குரல் அவர் காதுக்கு எட்டும்படி நடப்போம்.